சாந்தாமணி கைகாட்டிய இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார், இதில் எதையும் நான் பார்த்ததாகச் சொல்ல முடியாது. அங்கேதான் இருந்தேன். நடு மேஜைமேல் உட்கார்ந்திருந்தேன் என்றுகூடச் சொல்கிறார்கள். ஆனால் அப்போது எனக்கு மூன்று வயது முடியவில்லை, ஒன்றும் நினைவில்லை. ஆக, எல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான். பாதி என் அம்மா சொன்னது, மீதி அம்மாவுக்குப் பக்கத்துத் தறி ஓட்டின பரிமளாக்கா சொன்னது. இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதைத்தான் சொல்லப் போகிறேன். வேறு வேறாகச் சொன்ன இடம் வந்தால் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன்.

பஸ் ஏறினதும் நீங்கள் கேட்டீர்கள், அதனால்தான். "எதுக்குத் தம்பி ஃபைலை இப்படிக் கட்டிப் பிடிச்சிட்டு வர்றே, யாரும் பிடுங்கிட்டுப் போகமாட்டாங்க" என்றீர்களே. நாளைக்கு எனக்கு நேர்முகத் தேர்வு, நகரமைப்பு வேலைக்கு. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அதற்கென்று ஒரு சான்றிதழ் உண்டு, இந்த ஃபைலில்தான் இருக்கிறது. என்னோடு படித்தவன் ஒருவன் போன வாரம் போய் வந்தான். "ஒரு பகுதிக்குத் திட்டம் போடும்போது எல்லாருக்கும் சமமாகக் கொடுப்பதும், நியாயமாகக் கொடுப்பதும் ஒன்றா? உதாரணம் சொல்" என்று கேட்டார்களாம். அவன் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னானாம். தலையை ஆட்டி அனுப்பிவிட்டார்களாம். எனக்குப் புத்தகத்தில் இல்லாத உதாரணம் ஒன்றே ஒன்றுதான் தெரியும். அதை அங்கே சொல்லலாமா, சிரித்துவிடுவார்களா என்பதுதான் என் பயம். நீங்கள் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இது என் அம்மா சம்பந்தப்பட்ட கதை. அம்மா, அம்மா என்று சொல்லிக்கொண்டே போனால் நான் ஒரு பக்கமாகப் பேசுவதுபோல ஆகிவிடும். அதனால் பெயர் சொல்லியே சொல்கிறேன். சாந்தாமணி. அதுதான் முறை.

எங்கள் ஊர் காவிரிக் கரையில் ஒரு விசைத்தறி ஊர். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் நல்லபடியாக இருக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் தறிப்பட்டறை, பட்டறைக்குப் பக்கத்தில் வீடு. காலை, மாலை, ராத்திரி, எப்போதும் கடகடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். வெளியூரிலிருந்து பெண் கட்டி வந்தால் முதல் வாரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு அது சத்தமாகவே தெரியாது. நின்றால்தான் திடுக்கென்று விழித்துக்கொள்வோம்.

இதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டு பழக்கம். ஒன்று, பட்டறைக்கு வெளியே வந்தாலும் கத்தித்தான் பேசுவோம். "சாப்டீங்களா" என்று கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைப்பீர்கள். இரண்டாவது, பட்டறைக்குள்ளே கையால் பேசுவோம். இரண்டு விரலைக் கத்தரிபோல வைத்து வெட்டிக் காட்டினால், நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் அறுந்துவிட்டது, ஓடி வா என்று அர்த்தம். கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனால் டீ வந்திருக்கிறது. மேலுதட்டை நீவிவிட்டால் முதலாளி வருகிறார். பெண்கள் இதிலேயே குடும்பக் கதை முழுவதும் பேசிவிடுவார்கள்.

கையால் சொல்ல முடியாத விஷயம் என்றால் காதருகே போய்க் கத்துவார்கள். அங்கேதான் ஒரு ஆபத்து. கரண்ட் போனால் தறி சட்டென்று நின்றுவிடும், வாய்க்கு மட்டும் அது உடனே தெரியாது. எங்கள் ஊரில் இந்தத் தப்பைச் செய்யாதவர்கள் யாருமே கிடையாது. பரிமளாக்கா ஒரு நாள் சாந்தாமணி காதில், "மீன் தலையப் பூராத்தையும் கெழவியே தின்னுபோட்டாக்கா!" என்று கத்தியிருக்கிறார். பாதியில் கரண்ட் போய்விட்டது. "கெழவியே தின்னுபோட்டாக்கா" மட்டும் கோயில் மணிபோல எழும்பியிருக்கிறது. வாசலில் சோற்றுத் தூக்கோடு அவருடைய மாமியார் நின்றுகொண்டிருந்தாராம். அதற்கப்புறம் ஒரு மாதம் அந்த வீட்டில் மீனே வாங்கவில்லை.

இதை எதற்குச் சொன்னேன் என்றால், பின்னால் தேவைப்படும்.

சாந்தாமணி நாச்சிமுத்து முதலாளியின் பட்டறையில் தறி ஓட்டினாள். வீட்டுக்காரர் லாரியில் போகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியே. பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அங்கன்வாடி பெரிய ரோட்டைத் தாண்டி வேறு வார்டில் இருந்தது. கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதற்குள் தறி நேரம் தவறிவிடும். அதனால் பட்டறைத் தூணுக்கும் சன்னலுக்கும் நடுவே தூளி கட்டிப் பையனைப் போட்டிருந்தாள். பையன் அங்கேயே தூங்கி, அங்கேயே தவழ்ந்து, அங்கேயே நடந்தான்.

பேசவில்லை.

ஒன்றரை வயதில் பேசாவிட்டால் பரவாயில்லை என்றார்கள். இரண்டு வயதில், ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்றார்கள். இரண்டரை வயதிலும் ஒரு எழுத்து வரவில்லை. ஆனால் கையைப் பார்க்க வேண்டுமே! பசித்தால் ஒரு சைகை. முதலாளி உள்ளே நுழைந்தால் தூளிக்குள்ளிருந்தே மேலுதட்டை நீவிவிடுவானாம். பட்டறையே சிரிக்குமாம். சாந்தாமணி மட்டும் சிரிக்கவில்லை.

ஈரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, "காது நல்லாத்தான்மா கேக்குது. பேச்சையே கேக்காம வளர்ந்தா எப்படிப் பேசுவான்? சத்தமில்லாத எடத்துல நாலு பிள்ளைங்களோட விடுங்க. சீக்கிரம் விடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார்.

திரும்பி வரும்போது சாந்தாமணி பஸ்ஸில் அழுதாள். மடியில் உட்கார்ந்திருந்த பையன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு இரண்டு விரலை எடுத்து வெட்டிக் காட்டினான். நூல் அறுந்துபோச்சா என்று கேட்கிறான். அவனுக்குத் தெரிந்த பெரிய கஷ்டம் அதுதான். இந்த இடத்தை அம்மா சொல்லும்போது... சாந்தாமணி சொல்லும்போது இன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். பரிமளாக்கா சொல்லும்போது மூக்கை உறிஞ்சுவார்.

நல்ல காலம், அந்த வருஷமே எங்கள் வார்டுக்குத் தனி அங்கன்வாடிக் கட்டடம் கிடைத்தது. இடம் பார்க்க நகராட்சியிலிருந்து ஜெபசிங் என்று ஒரு பொறியாளர் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மெதுவான பேச்சு, நல்ல மனுஷன். டேப்பை வைத்து வார்டை நீளத்திலும் அகலத்திலும் அளந்து, சரியாக நடுவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார். இந்த முனையிலிருந்து வந்தாலும் அந்த முனையிலிருந்து வந்தாலும் ஒரே தூரம். அவர்மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். கல்லூரியில் எனக்குக் கொடுத்திருந்தாலும் அப்படித்தான் வட்டம் போட்டிருப்பேன்.

வட்டம் விழுந்த இடம் நாச்சிமுத்து முதலாளியின் இரண்டு பட்டறைகளுக்கு நடுவில்.

வார்டின் கடைசியில், ஆற்றங்கரையில் இன்னொரு புறம்போக்கு இடம் இருந்தது. ஒரு பெரிய புங்கமரம், அதன் கீழே முதலாளியின் கயிற்றுக்கட்டில். வேறொன்றும் கிடையாது. நடுவில் ஒரு மேடு இருப்பதால் தறிச்சத்தம் அங்கே இறங்காது. அந்தக் கட்டில் ஏன் அங்கே கிடக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. மத்தியானம் சாப்பாடு ஆனதும் முதலாளி, "பேங்க்குக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பார். சாயங்காலம்தான் வருவார்.

முதல் கூட்டம் மாரியம்மன் கோயில் வாசலில்.

"வார்டுக்கு நடு மையம் இதுதான், பாத்துக்கிடுங்க. ஒருத்தருக்குக் கூடுதலும் இல்ல, ஒருத்தருக்குக் குறைவும் இல்ல. எல்லாருக்கும் சமம்" என்றார் ஜெபசிங். முன்வரிசைக்கு மேல் யாருக்கும் கேட்கவில்லை.

"அப்புடிப் போடுங்க சார்! சமம்னா சமமா இருக்கோணும்!" என்றார் நாச்சிமுத்து முதலாளி. அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

சாந்தாமணி எழுந்தாள். "ஏனுங் சார், அங்க ரெண்டு பக்கமும் தறி ஓடுதுங்களே! பிள்ளைங்க பேச்சுப் பழகுறது எப்புடிங் சார்? ஆத்தோரம் வச்சீங்கன்னா ஆகாதுங்களா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள் சார். எங்கள் ஊர்ச் சாதாரணம்.

ஜெபசிங் இரண்டடி பின்னால் போனார். "ஏன்மா கோவப்படுதீக?"

"கோவமா? யாருங் சார் கோவப்பட்டா?" என்று பரிமளாக்கா எழுந்து கத்தினார். அவர் கேட்டதும், "ஆமா, யாரு கோவப்பட்டா?" என்று இன்னும் பத்துப் பேர் எழுந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பட்டறை வாசலில் நின்ற ஒருத்தி, பரிமளாக்காவின் தறியில் நூல் அறுந்துவிட்டது என்று இரண்டு விரலை வெட்டிக் காட்டியிருக்கிறாள். புரிந்துகொண்டேன் என்பதற்காகப் பரிமளாக்காவும் ஜெபசிங் தலைக்கு மேலாக இரண்டு விரலை வெட்டிக் காட்டியிருக்கிறார். அந்த மனுஷன் தன்னைத்தான் நறுக்கப் போகிறார்கள் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார். ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. மறுநாள் அதைக் கழுவி, பேப்பரில் சுற்றி, நகராட்சிக்குக் கொடுத்தனுப்பினார்களாம். அதையும் அவர் மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாரா என்பது தெரியவில்லை.

என்ன சார், பார்க்கிறீர்கள்? ஓ, என் கையா? நூல் வெட்டுவது எப்படி என்று காட்டினேன், அவ்வளவுதான். எனக்கு அந்தச் சைகையெல்லாம் சுத்தமாக மறந்துவிட்டது.

அப்புறம் நாச்சிமுத்து முதலாளி ஜெபசிங்கைப் போய்ப் பார்த்தார். "நம்ம பட்டறையிலயே கூட்டத்த வச்சுக்கலாம் வாங்க. டீ, வடை என்ற செலவு. ஒருத்தர் வாயத் தொறக்க மாட்டாங்க, நான் பொறுப்பு" என்றார். இதில் அவருக்கு உள்நோக்கம் இருந்தது என்று பரிமளாக்கா சொல்கிறார். சாந்தாமணி அப்படிச் சொல்வதில்லை. எனக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆர்டர் அவசரம், தறியை நிறுத்த முடியாது என்று அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.

ஆக, கூட்டம் நடந்தது ஓடுகிற பட்டறைக்குள்ளே. இருபது தறியும் ஓடுகிறது. நடுவில் மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஜெபசிங். அவர் காதுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நாச்சிமுத்து முதலாளி. சுற்றிலும் வார்டு முழுவதும் நிற்கிறது. ஜெபசிங் எழுந்து ஏதோ பேசினார். உதடு அசைந்தது. முதலாளி அவர் காதில் கத்தினார். அவர் தலையாட்டினார். மறுபடியும் கத்தினார். மறுபடியும் தலையாட்டினார். அதாவது, அந்த அறையில் ஒரே ஒருவர் பேச்சு மட்டும்தான் ஒரே ஒருவருக்குக் கேட்டது. அப்படியே விட்டிருந்தால் சுண்ணாம்பு வட்டத்திலேயே கட்டடம் வந்திருக்கும்.

ஆனால் முதலாளிக்கு ஒரு விஷயம் தெரியாது. அவர் எப்போதும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவர். பெண்கள் கை ஆட்டுவதை ஏதோ கொசு விரட்டுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தார்.

முதலில் ஆரம்பித்தது பையன்தான் என்கிறார்கள். நான்தான். மேஜைக்குப் பக்கத்துத் தூணில்தான் என் தூளி. இறங்கி வந்து, மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேனாம். ஜெபசிங் குனிந்து ஏதோ கேட்டிருக்கிறார், பெயர் கேட்டிருப்பார். பையன் அவர் வாயைப் பார்க்கவே இல்லை, கையைப் பார்த்தான். கை சும்மா இருந்தது. இந்த ஆளுக்குப் பேச வராது போலிருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, மெதுவாக, புரியும்படியாக, கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய் டீ இருக்கிறது என்று அவர் முன்னால் இருந்த டம்ளரைக் காட்டினான். பிறகு முதலாளியைப் பார்த்து மேலுதட்டை நீவிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை, பல் மட்டும் தெரிந்தது.

ஜெபசிங் மறுபடியும் வாயால் கேட்டார். பையன் மறுபடியும் கையால் சொன்னான். அவர் தலையைத் தூக்கிச் சாந்தாமணியைப் பார்த்தார்.

சாந்தாமணி பக்கத்தில் வந்தாள். அந்த டீயிலேயே விரலை நனைத்து மேஜைமேல் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். இதுதான் வார்டு. கோட்டின் ஒரு முனையில் நெளிநெளியாக வரைந்தாள். இதுதான் ஆறு. நடுவில் ஒரு வட்டம், அவர் போட்ட அதே வட்டம். வட்டத்தைத் தொட்டுவிட்டு இரண்டு உள்ளங்கையாலும் தன் காதுகளைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்து, விரலை ஆறு வரை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே நிறுத்தி, காதிலிருந்து மற்றக் கையையும் எடுத்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் பையனின் உதட்டைத் தொட்டாள். தன் உதட்டைத் தொட்டாள்.

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் ஆற்றுப் பக்கமாகக் கை நீட்டினார்கள். தறி ஓட்டுகிற ஆண்களும் நீட்டினார்கள். சுவரோரமாக எப்போதும் பேசாமல் நிற்கிற பீகார்க்காரக் குடும்பங்கள் இரண்டு இருந்தன. கோயில் வாசல் கூட்டத்துக்கு அவர்கள் வந்தே இருக்கவில்லை, பேச்சுத் தெரியாதே. அவர்களும் நீட்டினார்கள். இந்தப் பாஷை அவர்களுக்கும் தெரியும்.

நாச்சிமுத்து முதலாளிக்கு ஏதோ கைமீறிப் போகிறது என்று மட்டும் புரிந்தது. கழுத்து நரம்பு புடைக்க ஜெபசிங் காதில் கத்தினார். ஜெபசிங் இந்தத் தடவை தலையாட்டவில்லை. இன்னும் கத்தினார்.

அது மின்வெட்டுக் காலம் சார், உங்களுக்கு நினைவிருக்கும். கரண்ட் போயிற்று. இருபது தறியும் ஒரே நேரத்தில் நின்றன.

"...தூங்கறதுக்கு ஊருக்குள்ள எனக்கு அந்த ஒரு எடந்தானுங் சார் இருக்குது!"

பட்டறைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததாம். அதற்கப்புறம் தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்டதாம்.

பரிமளாக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்பப் பேங்க்கு அங்கதான் இருக்குதுங்களா முதலாளி?"

அவ்வளவுதான். பட்டறை இடிந்து விழுவதுபோலச் சிரித்தார்கள். நாச்சிமுத்து முதலாளியின் முகம் சிவந்தது, பிறகு அவரும் சிரித்தார். "என்ன பண்றது அம்மணி, மனுசன் சித்த நேரம் கண்ண மூடோணுமல்லோ! எங்க வூட்டுக்கு ரெண்டு பக்கமும் என்ற தறியே ஓடுது!"

"உங்களுக்கு வேணுங்கறதுதான் முதலாளி எங்க பிள்ளைங்களுக்கும் வேணும்" என்றாள் அம்மா.

மன்னிக்கணும், சாந்தாமணி.

ஜெபசிங் வட்டத்தைப் பார்த்தார். டீ காய்ந்துகொண்டிருந்தது. "நான் தூரத்த மட்டுந்தான் அளந்தேன்" என்றார். அவர் குரலை வார்டு முழுவதும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டது.

கதை இத்தோடு முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வார்டின் அந்தக் கடைசியில் இருக்கிற மேட்டுத் தெருவிலிருந்து வந்த ஒரு அம்மா குறுக்கே புகுந்து, "ஆத்தோரம்னா எங்க பிள்ளைங்க அம்புட்டுத் தூரம் நடக்கோணுமே, அது மட்டும் நாயமுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி சரியான கேள்வி. நடுவில் வைத்தால் காது போகிறது, ஓரத்தில் வைத்தால் கால் வலிக்கிறது. சாந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள், அதை அவளே சொல்வாள். ஜெபசிங்கும் டேப்பைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார்.

நாச்சிமுத்து முதலாளிதான் கையைத் தூக்கினார். அவருடைய நூல் வண்டி தினமும் காலையில் மேட்டுத் தெரு வழியாகத்தான் ஆற்றோரச் சாயப்பட்டறைக்குப் போகும். "நூலோட நூலா பிள்ளைங்களையும் ஏத்தியுட்டுர்றேன். ஆனாக்கா ஒண்ணு, என்ற கட்டில அங்கிருந்து எடுக்கப்படாது" என்றார்.

"கட்டில் இருக்கட்டும். அப்பம் ஆத்துக்கரையிலயே வச்சிருவோமா?" என்று ஜெபசிங் கேட்டார்.

கரண்ட் இல்லை. தறி ஓடவில்லை. வாயைத் திறந்து சரி என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் பட்டறைக்குள் நிற்கிற பழக்கத்தில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் கையைத்தான் நீட்டினார்கள். ஜெபசிங் அதை, "குரல் வாக்கெடுப்பில் ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்று எழுதிக்கொண்டு போனாராம். கையால் எடுத்த முடிவை எழுத அவரிடம் வேறு வாசகம் இருந்திருக்காது.

கட்டடம் வந்தது. புங்கமரத்தை வெட்டவில்லை, அதைச் சுற்றித்தான் சுவர் எழுப்பினார்கள். வசந்தகோகிலம் என்று ஒரு டீச்சர் வந்தார். மேட்டுத் தெருப் பிள்ளைகள் தலையெல்லாம் பஞ்சோடு நூல் வண்டியில் வந்து இறங்குவார்கள். மத்தியானம் பிள்ளைகள் பாயில் தூங்குகிற நேரத்தில் முதலாளி வெளியே கட்டிலில் தூங்குவார். இப்போது ஒளிக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் கிளம்பும்போது, "பேங்க்குக்குப் போறேன்" என்றுதான் சொல்வாராம். சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் சாந்தாமணி கூப்பிடப் போனபோது, பையன் வாசலுக்கு ஓடி வந்து "அம்மா" என்றான். அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாளாம். அன்றைக்கு ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை என்று என்னைக் காட்டிச் சொல்வாள். நீங்களும் ஏறினதிலிருந்து பார்க்கிறீர்களே.

இந்த இடத்தில்தான் சார் ஒரு விஷயம். நாளைக்கு அவர்கள் முன்னால் சொல்வதென்றால் சரிபார்க்காமல் சொல்லக்கூடாது இல்லையா? என் முதல் வார்த்தை "அம்மா" என்று அம்மா சொல்கிறாள். பரிமளாக்கா, "இல்லை, என்னைத்தான் முதலில் அக்கா என்று கூப்பிட்டான்" என்கிறார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. போன மாதம் வசந்தகோகிலம் டீச்சரைத் தேடிப் போய்க் கேட்டேன். ஓய்வு பெற்றுவிட்டார், பவானியில் மகள் வீட்டில் இருக்கிறார்.

கேட்டதும் அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உங்க அம்மாகிட்டச் சொல்லமாட்டேன்னு சொன்னாத்தான் சொல்லுவேன்" என்றார். சரி என்றேன்.

ஒரு நாள் மத்தியானம் எல்லாப் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே முதலாளி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், தறி மாதிரி. நான் பாயைவிட்டு எழுந்து, வெளியே போய், கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேனாம். எழுத்துப் பிசகாமல், தெளிவாக. முதலாளி அலறியடித்து எழுந்து, "டீச்சர்! பையன் பேசிட்டான்! என்னையத்தான் வையறான்!" என்று குதித்தாராம். அப்படியே பட்டறைக்கு ஓடிச் சொல்லப் போனவரை டீச்சர்தான் வேட்டியைப் பிடித்து நிறுத்தினார். "பெத்தவ காதால முதல்ல கேக்கட்டும், நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்றாராம். அன்று மத்தியானம் முழுவதும் இரண்டு பேரும் என்னை மடியில் வைத்துக்கொண்டு "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது.

முதல் வார்த்தை என்ன டீச்சர் என்றேன். சொன்னார். தூங்கும் நேரத்தில் அவர் பிள்ளைகளிடம் அதிகமாகச் சொல்கிற வார்த்தை அதுதானாம்.

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஊருக்குத் திரும்பியதும் நாச்சிமுத்து முதலாளியிடமும் கேட்டேன். வயதாகிவிட்டது, ஆனால் அதே புங்கமரம், அதே கட்டில். "முதலாளி, நான் முதன்முதலில் பேசினது என்னங்க?" என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். அம்மா பக்கத்தில் எங்கேயாவது இருக்கிறாளா என்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். ஊரிலேயே பெரிய குரல் அவருக்குத்தான் சார். வாயைத் திறக்கவே இல்லை. இரண்டு உள்ளங்கையையும் தூக்கித் தன் காதுகளைப் பொத்திக்காட்டினார்.

டீச்சரும் அதைத்தான் சொன்னார். "சத்தம்."